இருபத்தொன்றாம் டோக்கன்

சுயம்பு மாமாவுக்கு முட்டுவலி. செங்கல் கிராமத்தில் இருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து, ஆறு மணிக்கெல்லாம் தெற்கெல்லை மக்கள் நலக் கூட்டுறவு ஆஸ்பத்திரியின் வாசலில் வந்து நிற்பார். அந்த நேரத்தில் அங்கே ஒரு நாயையும் வாட்ச்மேனையும் தவிர வேறு யாரும் இருக்க மாட்டார்கள். ஏழரைக்குக் கவுண்டர் திறக்கும். முதல் ஆளாகக் கையை நீட்டி அவர் வாங்கும் டோக்கனில் எழுதியிருக்கும் எண் இருபத்தொன்று.

முதல் தடவை அவர் தன்னைத்தான் நொந்துகொண்டார். "இருவது பேரு நமக்கு முன்ன வந்திருக்கினும். நான் பிந்திப்போனேன்" என்று வாட்ச்மேனிடம் சொன்னார். அடுத்த வாரம் பஸ்ஸை நம்பாமல் மகனுடைய ஆட்டோவில் ஐந்து மணிக்கு வந்தார். இருபத்தொன்று. அதற்கடுத்த வாரம் நாய்க்கும் முன்பே வந்தார். இருபத்தொன்று. எட்டு மாதம் இப்படிப் போனதும் அவருக்குக் கோபம் தீர்ந்து ஒரு தெளிவு வந்துவிட்டது. ஆஸ்பத்திரி தனக்கென்று நிரந்தரமாக ஒரு எண்ணை ஒதுக்கித் தந்திருக்கிறது என்று நம்பத் தொடங்கினார். சீட்டில் பெயர் எழுதும்போது 'சுயம்பு 21' என்றே எழுதுவார்.

அந்த இருபது பேர் யார் என்று கண்டுபிடிக்க வந்தவன் நான். அப்படிச் சொல்லி யாரும் என்னை அனுப்பவில்லை. என் பெயர் ஜிபின். வீடு பாறசாலைக்குப் பக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு ஆலோசனை நிறுவனத்தில் வேலை. ஆஸ்பத்திரிக்குத் தரச் சான்றிதழ் வேண்டும், அதற்கு 'நோயாளிகள் ஏன் நான்கு மணி நேரம் காத்திருக்கிறார்கள்' என்று வெளியாள் ஒருவன் ஆராய்ந்து எழுதிய அறிக்கை வேண்டும். சொந்த ஊர்க்காரன் என்பதால் என்னை அனுப்பினார்கள். ஊர்க்காரனை அனுப்பினால் ஊரைப் பற்றித் தெரிந்திருக்கும் என்று எங்கள் மேலாளர் ஆதித்யன் நினைத்தார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் கூட்டத்தில் பேசுவதற்குப் பத்து நிமிட உரை ஒன்று தயாரித்துக் கொண்டு போயிருந்தேன். போனால் வாசலில் ஃபிளக்ஸ் கட்டியிருக்கிறார்கள். 'நோயாளிகளின் நேரம் காப்போம்! ஆலோசனைப் பணித் தொடக்க மாநாடு.' மேடை, குத்துவிளக்கு, நான்கு ஒலிபெருக்கி. ஈசுவரப் பிரார்த்தனை, வரவேற்பு, தலைமையுரை, தொடக்கவுரை, பதினோரு ஆசம்சை, அப்புறம் ஆலோசகர் உரை, கடைசியில் நன்றி என்று நிகழ்ச்சி நிரல் அச்சடித்திருந்தார்கள். ஆசம்சை என்றால் வாழ்த்துரை. எங்கள் பக்கத்தில் ஆசம்சை இல்லாமல் ஒரு தெருவிளக்கைக்கூட எரிய விட முடியாது.

ஆசம்சை சொன்ன பதினோரு பேரில் நான்கு பேர் அந்த ஆஸ்பத்திரியின் டாக்டர்கள். அவர்கள் இரண்டரை மணி நேரம் மேடையில் இருந்தார்கள். கீழே நூற்று நாற்பது நோயாளிகள் டாக்டர்கள் எப்போது இறங்குவார்கள் என்று பார்த்தபடி, நேரத்தின் அருமை பற்றிய உரைகளை ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்தார்கள். என் முறை வந்தபோது பிரசிடெண்ட் சோமன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார், பிரியாணி வந்துவிட்டது. செக்ரட்டரி எழுந்து, நேரம் போதாமையால் பேச முடியாமல் போன ஆலோசகர் ஜிபினுக்கு நன்றி சொன்னார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

அந்த செக்ரட்டரிதான் சதாசிவன் சார். நான் எதைக் கேட்பதானாலும், எதைக் கொடுப்பதானாலும் அவர் வழியாகத்தான். இஸ்திரி கலையாத வேட்டி, நெற்றியில் சந்தனம், சட்டைப்பையில் பச்சை மை பேனா. குரலை ஒருநாளும் உயர்த்த மாட்டார். அதட்டுகிற ஆளாக இருந்தால் நான் ஜாக்கிரதையாக இருந்திருப்பேன்.

மறுநாள் அவரைப் பார்க்கப் போனபோது வாசலில் இருந்த ப்யூன் என்னைத் தடுத்தான். செக்ரட்டரியைப் பார்க்கவும் டோக்கன் உண்டாம். எடுத்தேன். எண் ஆறு. வராந்தாவில் என்னைத் தவிர ஒருவரும் இல்லை. ஆனாலும் ப்யூன் கதவருகே நின்று, ஒன்று என்று மூன்று முறை கூப்பிட்டான். ஒன்றாம் எண் வரவில்லை. இரண்டு என்று மூன்று முறை கூப்பிட்டான். ஐந்து வரை இப்படியே முடித்து, ஒவ்வொருவருக்கும் ஐந்தைந்து நிமிடம் மரியாதை கொடுத்துவிட்டு, ஆறு என்றான். உள்ளே சதாசிவன் சார் தனியாக உட்கார்ந்து செய்தித்தாள் வாசித்துக்கொண்டிருந்தார்.

"வா மக்கா, இரி. ஒனக்கு ஒண்ணும் தாமசம் ஆகலியே?" என்றார்.

"இல்ல சார்" என்றேன். இதுதான் நான் அந்த ஆஸ்பத்திரியில் சொன்ன முதல் பொய்.

நோயாளிகளிடம் கேட்க நான் தயாரித்திருந்த கேள்வித்தாளை வாங்கி வாசித்தார். பச்சைப் பேனாவைத் திறந்தார். 'காத்திருக்கும் நேரம்' என்று இருந்த இடத்திலெல்லாம் கோடு போட்டார்.

"இஞ்ச ஆரும் காத்திருக்கல்ல கேட்டியா. ஆளுகளு தூரத்துல இருந்து வாறாவ. டாக்டர காணதுக்கு முன்ன கொஞ்சம் வெசிரமிக்காவ. அது நம்ம ஆஸ்பத்திரிக்க ஒரு வசதியாக்கும். நீ அத ஒரு கொறையாட்டு எழுதினா அது செரியா?"

ஆகவே என் கேள்வித்தாளில் காத்திருக்கும் நேரம் 'ஓய்வு நேரம்' ஆயிற்று. 'நீங்கள் எத்தனை மணி நேரம் ஓய்வு எடுத்தீர்கள்?' என்று நான் கேட்டபோது ஒரு அம்மா என்னை அடிக்க வந்தார். நியாயம்தான்.

இதற்கிடையில் காத்திருப்பு பற்றி ஆராய ஆஸ்பத்திரியே ஒரு துணைக்குழு வைத்திருந்தது. அது மூன்று மாதம் கூடி ஒரே ஒரு முடிவு எடுத்திருந்தது. நோயாளிகள் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் பார்த்துத்தான் பதற்றப்படுகிறார்கள், ஆகவே அதைக் கழற்றிவிடலாம். கழற்றிவிட்டார்கள். அதற்கும் ஒரு கூட்டம் நடந்தது. கடிகாரம் இருந்த இடத்தில் வெள்ளையாக ஒரு வட்டம் தெரிந்ததால் அங்கே பிரசிடெண்டின் படத்தை மாட்டினார்கள்.

இதையெல்லாம் நான் ஆதித்யனிடம் போனில் சொல்லி அழாத குறை. ஆதித்யன் காட்டாக்கடை ஊர்க்காரர். என்னைவிட நான்கு வயதுதான் மூத்தவர், ஆனால் டை கட்டத் தொடங்கியதில் இருந்து நாற்பது வயது மூத்தவர் போலப் பேசுவார். எங்கள் நிறுவனத்தில் 'கடினமான ஆள்' என்று யாரையும் சொல்லக் கூடாது. 'உயர்ந்த எதிர்பார்ப்பு கொண்ட தொடர்பாளர்' என்று சொல்ல வேண்டும். இதற்கு இரண்டு நாள் பயிற்சியே உண்டு. நான் அதில் முதலாவதாக வந்தவன்.

"ஜிபினே, கிளையன்ட் தப்பு செய்யறதில்ல. நமக்கு மனசிலாகல்ல, அவ்வளவுதான்" என்றார் ஆதித்யன். "அவர்கிட்ட எதிர்த்துப் பேசாத. மெள்ள மெள்ள நம்ம வழிக்குக் கொண்டு வா. அதாக்கும் நம்ம தொழில்."

மெள்ள மெள்ள வழிக்குக் கொண்டு வருவதில் சதாசிவன் சார் எங்கள் இரண்டு பேருக்கும் பாடம் எடுக்கக்கூடியவர் என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.

ரெஜிலா அக்கறையோடு பேச வந்தது மூன்றாவது மாதத்தில். டோக்கன் கவுண்டரில் இருப்பவள் அவள்தான். வயதில் என்னைவிட மூத்தவள். ஆனாலும் படித்து டவுனில் வேலை பார்க்கிறவன் என்பதால் என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். எங்கள் சபைதான், பாடகர் குழுவில் முன்வரிசையில் நிற்பாள். எட்டு வருடமாகத் தினக்கூலி. ஒரு நாள் சாயங்காலம் ஆராதனை முடிந்து எல்லோரும் போன பிறகு, பெஞ்சுகளை ஒதுக்கிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அண்ணா, நீங்க அந்த இருவது ஆளையும் இனி தேடண்டாம். ஆளே இல்ல."

"ஆளே இல்லன்னா?"

"ஒண்ணுல இருந்து இருவது வரைக்கும் உள்ள டோக்கன நான் தெவசமும் முந்தின நாளு சாயங்காலமே செக்ரட்டரி சாருக்க ரூமுல கொண்டு குடுக்கணும். டைரக்டர்மாருக்கு வேண்டப்பட்ட ஆளுகளுக்காக்கும் அது. செல நாளு ஏழு பேரு வருவாவ, செல நாளு ரெண்டு பேரு. ஆனா இருவது நம்பரையும் விளிக்கணும். ஒவ்வொண்ணையும் மூணு தடவ. வந்தாலும் வரல்லேன்னாலும் அஞ்சு நிமிசம் பாக்கணும், அது ஆடராக்கும். அந்தப் பாவம் சுயம்பு மாமா முதல் ஆளாட்டு வந்து, இல்லாத்த இருவது பேரு மருந்து வாங்கிப் போவது வரைக்கும் இரிக்காரு."

நான் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வராத ஆட்களுக்காக மட்டும் தினமும் ஒரு மணி நேரத்துக்கு மேல் போகிறது. ஆறு மாதம் ஒதுக்கியிருந்த ஆராய்ச்சியை அவள் இரண்டு பெஞ்சு நகர்த்துவதற்குள் முடித்துவிட்டாள்.

"இத நீ ஏன் இதுவரைக்கும் ஆருகிட்டயும் சொல்லல?"

"வாற ஏப்ரல்ல எனக்கு நாப்பது அண்ணா. நாப்பது கழிஞ்சா ஸ்திரமாக்க மாட்டாவ, சட்டம் அப்பிடி. இந்த வருசம்தான் கடைசி. இப்ப நான் வாய தொறந்தா எட்டு வருசமும் போச்சு." சொல்லிவிட்டுக் கையில் இருந்த பாட்டுப் புத்தகங்களை அடுக்கி வைத்தாள். "நீங்க நம்ம ஆளு. அதாக்கும் சொன்னேன். எனக்க பேரு எங்கயும் வரப்பிடாது."

"உனக்க பேரு வராது ரெஜிலா. நான் வாக்கு தாறேன்."

அந்த வாக்கைக் கொடுக்கும்போது எனக்கு நெஞ்சு நிமிர்ந்திருந்தது. ஒரு ஆளை நான் காப்பாற்றப் போகிறேன் என்று நினைத்தேன்.

அறிக்கை எழுதினேன். அதன் உயிரான வரி இது: 'முதல் இருபது டோக்கன்கள், இயக்குநர்களின் சிபாரிசு ஆட்களுக்காக, தினமும் செயலாளர் அறையில் எடுத்து வைக்கப்படுகின்றன. தாமதத்துக்கு இதுவே முதன்மைக் காரணம்.' பரிந்துரைப் பகுதியில், எட்டு ஆண்டுகளாகத் தினக்கூலியில் இருக்கும் கவுண்டர் ஊழியரை நிரந்தரமாக்க வேண்டும் என்றும் சேர்த்தேன். இதைச் சேர்த்தபோது எனக்கு என் சாமர்த்தியத்தை நினைத்துப் பெருமையாகக்கூட இருந்தது. பெயர் சொல்லாமலே ரெஜிலாவுக்கு ஒரு நல்லது செய்கிறேன் அல்லவா?

சதாசிவன் சார் வரைவை இரண்டு முறை வாசித்தார். கோபப்படவில்லை. எனக்கு டீ வரவழைத்தார்.

"கொள்ளாம் மக்கா. நல்லா எழுதியிருக்க. ரெஜிலாவ ஒனக்கு முன்னயே அறியுமோ?"

"ஆமா சார். எங்க சபைதான்."

"ஓ" என்றார். டீயை ஒரு வாய் குடித்தார். "நல்ல பிள்ளையாக்கும். நம்ம பிள்ள. அவளுக்க காரியம் எனக்க மனசுல உண்டு. வாற போர்டு மீட்டிங்குல வச்சு ஸ்திரமாக்கித் தாறேன். நீ இந்த ஒரு வரிய மட்டும் கொஞ்சம் நயத்துல எழுதிக் கொண்டு வா. 'செயலாளர் அறை'ன்னு எழுதினா அறைக்குச் சங்கடம் வரும்."

அறைக்கு எப்படிச் சங்கடம் வரும் என்று நான் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ரெஜிலாவின் வேலை மேசைமேல் வைக்கப்பட்டுவிட்டது. ஒரு அறையின் பெயரை எடுத்துவிட்டு ஒரு ஆளுக்கு வாழ்க்கை வாங்கிக் கொடுப்பது நல்ல பேரம் என்று தோன்றியது. ஆதித்யனிடம் சொன்னபோது அவரும் அதையே சொன்னார். "பாத்தியா? அவரு வழிக்கு வந்துட்டாரு."

இரண்டாம் வரைவில் அறை போயிற்று. மூன்றாம் வரைவுக்கு, 'இயக்குநர்கள்' என்று பொதுவாகச் சொன்னால் நல்ல இயக்குநர்கள் மனம் நோகும் என்றார். சிபாரிசுக்கு ஆள் அனுப்பாத இயக்குநர் யாராவது உண்டா என்று கேட்டேன். "ஒருத்தரு உண்டு. மரிச்சுப்போனாரு" என்றார். இயக்குநர்களை எடுத்தேன். 'முதல் இருபது டோக்கன்கள் தினமும் எடுத்து வைக்கப்படுகின்றன' என்று வரி நின்றது. யார் எடுக்கிறார்கள் என்பது கடவுளுக்கே வெளிச்சம்.

நான்காம் வரைவில் இருபது என்ற எண் கூடாது என்றார். எண் எழுதினால் எண்ணிப் பார்த்தது யார் என்ற கேள்வி வருமாம், ரெஜிலாவுக்குத்தான் ஆபத்தாம். அவள் பேரைச் சொல்லித்தான் ஒவ்வொரு சொல்லையும் என் கையில் இருந்து பிடுங்கினார். 'சில டோக்கன்கள் பொதுமக்களுக்குக் கிடைப்பதில்லை' என்று மாற்றினேன். ஐந்தாம் வரைவில் 'டோக்கன் வழங்குவதில் சில குறைகள் உள்ளன.' ஒவ்வொரு முறையும் நான் வீட்டில் உட்கார்ந்து யோசித்துப் பார்ப்பேன். எழுதியது பொய்யா? பொய் இல்லை. நேற்றைய உண்மையைவிடக் கொஞ்சம் குறைந்த உண்மை, அவ்வளவுதான். அப்படியே சமாதானம் செய்துகொண்டு தூங்கிவிடுவேன்.

ஏழாம் வரைவு முடிவானது. 'டோக்கன் கவுண்டரில் உள்ள குறைகளே நோயாளிகளின் கூடுதல் ஓய்வு நேரத்துக்குக் காரணம்.'

சதாசிவன் சார் அதைப் பார்த்து முகம் மலர்ந்தார். பச்சை மையில் 'மிக நன்று' என்று எழுதி, கீழே தேதியும் போட்டார். பள்ளிக்கூடத்தில்கூட எனக்கு யாரும் அப்படி எழுதித் தந்ததில்லை. "ஒனக்கு நல்ல பாவி உண்டு மக்கா" என்றார். நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று அர்த்தம்.

"ரெஜிலாவுக்க காரியம் சார்?"

"அது போர்டு தீருமானிச்சாச்சு. வெளியீட்டு விழாவுல பப்ளிக்காட்டு அறிவிக்கேன். நீ அவகிட்ட இப்ப சொல்லண்டாம். ஒரு சர்ப்ரைஸா இரிக்கட்டும்."

நான் சொல்லாமல் இருக்க முடியாமல் ரெஜிலாவிடம் பாதி சொன்னேன். விழாவுக்கு நல்ல சேலை கட்டிக்கொண்டு வா என்றேன். அவள் சிரித்தாள். "உள்ளதா அண்ணா?" என்று இரண்டு தடவை கேட்டாள். இதை எழுதும்போது எனக்கு வேறு எதையும்விட இந்த இடம்தான் பொறுக்க முடியாமல் இருக்கிறது.

அறிக்கை வெளியீட்டு விழாவுக்குப் பத்தொன்பது ஆசம்சை. அன்று வெளிநோயாளர் பிரிவுக்கு விடுமுறை என்று பலகை வைத்துவிட்டார்கள், அதனால் காத்திருப்பு நேரம் பூஜ்யம் என்று வரவேற்புரையில் குறிப்பிட்டார்கள். அறிக்கையைப் பட்டு ரிப்பன் கட்டி, தாம்பாளத்தில் வைத்துக் கொண்டுவந்தார்கள். முன்வரிசையில் ஆதித்யன் புது டை கட்டி உட்கார்ந்திருந்தார். சுயம்பு மாமா பொதுமக்கள் பிரதிநிதியாக அழைக்கப்பட்டு, அங்கேயும் இருபத்தொன்றாம் நாற்காலியைத் தேடிப் பார்த்து உட்கார்ந்தார். பின்பக்கம் தூண் ஓரம் ரெஜிலா. ஊதா நிறத்தில் கிறிஸ்துமஸுக்கு எடுத்த சேலை.

சதாசிவன் சார் மைக் முன்னால் வந்தார்.

"பெருமதிப்புக்குரிய சபையோரே! பல பேரு எங்கிட்ட கேட்டாவ, சொந்த ஆஸ்பத்திரிக்க குத்தத்த வெளியாளக் கொண்டு எழுத வைக்கியளே, பயம் இல்லியான்னு. நான் சொன்னேன், சத்தியத்துக்கு முன்ன நமக்கு பயம் இல்ல. இந்த அறிக்கைய நான் ஏழு தடவ திருத்தினேன். ஒரு வரிகூட எங்களுக்கு வேண்டி மாத்தல்ல. எல்லாம் ஆஸ்பத்திரிக்க நன்மைக்காக்கும்."

கைதட்டல்.

"அறிக்கை என்ன சொல்லுது? குத்தம் போர்டுல இல்ல. குத்தம் டாக்டர்மார்ல இல்ல. குத்தம் செக்ரட்டரிகிட்ட இல்ல. குத்தம் கவுண்டர்ல. இனி அங்க ஒரு மெஷின் வைக்கப் போறோம். மனுசன் டோக்கன எடுத்து மாத்தி வைக்குத பணி இனி நடக்காது. மெஷின் தானாட்டு இருவத்தொண்ணுல தொடங்கும். மெஷின நோக்கதுக்கு நம்ம பிரசிடெண்டுக்க தம்பிக்க மருமகள் பிரசீதாவ ஸ்திரம் பணியாளாட்டு நியமிச்சிருக்கோம். இப்ப உள்ள ஆளு நாளையில இருந்து வரண்டாம்."

சுயம்பு மாமாதான் முதலில் கைதட்டினார். தன்னுடைய எண் போகவில்லை என்று அவருக்கு நிம்மதி.

நான் ஆதித்யனைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்காமல் அறிக்கையின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் பக்கம் நீட்டினார். பரிந்துரைகள். நான் எழுதிய 'நிரந்தரமாக்க வேண்டும்' காணாமல் போயிருந்தது. அந்த இடத்தில் 'கவுண்டர் ஊழியரை மாற்ற வேண்டும்' என்று இருந்தது. அதற்குக் கீழே என் கையெழுத்து.

"இது நான் எழுதல்ல" என்றேன்.

"நான் சேத்தேன். போன வாரம் செக்ரட்டரி விளிச்சிருந்தாரு" என்றார் ஆதித்யன் தாழ்ந்த குரலில். "கொறை கவுண்டர்லன்னு நீதானே எழுதின? கொறைய எழுதினா பரிகாரமும் எழுதணும். இல்லேன்னா அது என்ன ரிப்போர்ட்டு? இனி இவங்க லேபுக்கும் மருந்துக் கடைக்கும் நம்மளத்தான் விளிக்கப் போறாவ. முகத்த செரி பண்ணு. ஒன்ன விளிக்காவ."

உண்மையிலேயே என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். சதாசிவன் சார் நன்றியுரையில் இருந்தார். "எனக்கு இந்த நடவடிக்கைய எடுக்க மனசு இல்ல. ஒரு பாவப்பட்ட பிள்ளையாக்கும் அது. பின்ன, அவளுக்க சபைக்காரன், அவள நல்லா அறியுத ஒரு ஆளே இப்பிடி எழுதித் தரும்போ, நான் எங்ஙன தடுக்கும்? சொந்தம் பந்தம் பாக்காத இந்த நேர்மைக்கு, இளைஞர் ஜிபினுக்கு, ஒரு பொன்னாட!"

போர்த்தினார்கள். தலை குனிந்து வாங்கிக்கொண்டேன். இந்த மாதிரி மேடைகளில் பாராட்டப்பட்டவன் மறுமொழி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்கு மூன்று நிமிடம் கொடுத்தார்கள். ஆறு மாதத்தில் அந்த ஆஸ்பத்திரி எனக்குத் தந்த முதல் மூன்று நிமிடம்.

மைக் என் வாய்க்கு நேராக இருந்தது. முதல் வரைவு எனக்கு மனப்பாடம். ஒரே ஒரு வரிதான். அதைச் சொல்லி முடிக்கப் பத்து வினாடி போதும். முந்நூறு பேர் கேட்டிருப்பார்கள், பதிவும் ஆகியிருக்கும். முன்வரிசையில் ஆதித்யன் பெருவிரலை உயர்த்திக் காட்டினார். பக்கத்தில் சதாசிவன் சார், கைகட்டி, ஒரு தகப்பன் மகனைப் பார்ப்பதுபோலப் பார்த்துக்கொண்டிருந்தார். தூண் ஓரம் ரெஜிலா என்னைப் பார்த்தாள். அவள் முகத்தில் அப்போதும் கோபம் இல்லை. நான் ஏதோ சொல்லப் போகிறேன் என்று காத்திருந்தாள்.

"என்னை நம்பி இந்தப் பணியைத் தந்த எல்லாருக்கும் நன்றி" என்றேன். உட்கார்ந்துவிட்டேன்.

இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லப் போவதில்லை. வாயைத் திறந்தேன், அதுதான் வந்தது. மூன்று வருட வேலையில் அந்த வாயை அப்படித்தான் பழக்கியிருந்தேன். என்னை ஏமாற்றியவர்கள் இரண்டு பேர், ஒருவர் வேட்டி கட்டியவர், ஒருவர் டை கட்டியவர். ஆனால் அந்த மூன்று நிமிடத்தை அவர்கள் யாரும் என்னிடமிருந்து பறிக்கவில்லை.

விழா முடிந்து பந்திக்கு எல்லோரும் போனபோது, பொன்னாடையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு கவுண்டருக்கு ஓடினேன். ரெஜிலா தன்னுடைய குடை, தண்ணீர் பாட்டில், நாற்காலியில் போட்டிருந்த சின்ன மெத்தை எல்லாவற்றையும் ஒரு பையில் எடுத்து வைத்துக்கொண்டிருந்தாள். கவுண்டர் மேசையில் அறிக்கையின் ஒரு பிரதி இருந்தது. எல்லோருக்கும் கொடுத்திருந்தார்கள்.

"ரெஜிலா, சத்தியமாட்டு எனக்குத் தெரியாது. கடைசி பக்கத்த நான் எழுதல்ல."

"பதிமூணாம் பக்கத்த எழுதினது?"

பதிமூன்றாம் பக்கத்தில்தான் கவுண்டர் வரி இருந்தது.

"முழுக்க வாசிச்சேன் சாறே" என்றாள். அதுவரை என்னை அண்ணா என்று கூப்பிட்டவள். "எனக்க பேரு எங்கயும் இல்ல. வாக்கு தந்தது போல செய்திட்டிய."

"ஒனக்கு வேண்டித்தான் நான் மாத்தினேன். ஸ்திரம் ஆக்கித் தாறேன்னு அவரு சொன்னாரு. நான் நம்பினேன்."

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம். அவர எட்டு வருசமாட்டு நான் அறியும்."

அவள் பையின் வாயை முடிச்சுப் போட்டாள். சேலைத் தலைப்பில் கவுண்டர் தூசி ஒட்டியிருந்தது, அதைத் தட்டிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது, அழவும் வெட்கமாக இருந்தது. இந்த முறையாவது சரியாகச் செய்ய வேண்டும் என்று நினைத்து, அவளுக்கு முன்னால் போய் வழியை மறித்து நின்றேன்.

"நான் வேலைய விடுதேன். நடந்தது அத்தனையும் வச்சு வேற ஒரு அறிக்கை எழுதுதேன். கூட்டுறவுத் துறைக்கு நேரா அனுப்புதேன். இண்ணைக்கே எழுதுதேன் ரெஜிலா."

அவள் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள். பந்தியில் சுயம்பு மாமா யாரிடமோ தன் எண்ணைச் சொல்லி இடம் கேட்கும் சத்தம் வந்தது.

"வேண்டாம் சாறே, விட்டிருங்க" என்றாள். "குத்தம் செக்ரட்டரிகிட்ட தொடங்கி எங்கிட்ட வரைக்கும் வந்தாச்சு. இன்னும் ஒண்ணு எழுதினியன்னா, குத்தம் அந்தச் சுயம்பு மாமாவுக்க தலையில போய் விழும்."